கண்ணில் வளர்ந்தது வெறும் சதை இல்லை

இடது கண்ணில், கருவிழி ஓரத்தில், மூக்குப் பக்கமாக அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஏதோ இருந்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து வெயிலில் மாலை கட்டி விற்கிறவளுக்குக் கண் உறுத்துவது புதிதா? பக்கத்து டாக்டர், சதை வளருது, வயசானால் வரும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். எனக்கு அப்போது 36 வயசு! நாலு மாதத்தில் குருணை பயறாகி, சிவப்பு நரம்புகள் அதைச் சுற்றிப் படர்ந்துவிட்டன.

இசிபிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவில் பார்த்த பெரியம்மாதான் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணில் நீலச் சாயம் விட்டார்கள். கழுவின பிறகும் கட்டியில் நீலம் போகவில்லை. டாக்டரம்மா முதலில் கேட்டது, எச்.ஐ.வி. பரிசோதனை செய்திருக்கிறாயா என்று. கண்ணைக் காட்ட வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? கோபம் வந்தது.

வெயிலால் கெட்டுப்போன செல்களை உடம்பு தானே அழித்துவிடுமாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் அவை தப்பி வளருமாம். கிட்னி மாற்றிக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டாம். ஆப்பிரிக்காவில் இளவயதில் இந்தக் கட்டி வந்தால் எச்.ஐ.வி.யைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள் என்றார்.

சந்தேகம் சரியாகிவிட்டது. எதிர்ப்புச் சக்தி தரும் செல்களின் எண்ணிக்கையான சிடி4 வெறும் 180. அஞ்சு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரர் போனது டிபியால் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

ஆபரேஷன் பெரிய விஷயமில்லை. கண்ணை மரக்கவைத்து, கட்டியோடு சுற்றியிருந்த நல்ல இடத்தையும் கொஞ்சம் எடுத்து, ஓரத்தை உறையவைத்தார்கள். பயாப்ஸியில் புற்று, ஆனால் ஆழமாக இறங்காதது. அப்புறம் ஃபைவ் எஃப்யூ என்ற புற்றுநோய் மருந்துச் சொட்டு, தினம் நாலு தடவை, நாலு வாரம். 2016இல் வெளியான கென்ய ஆய்வு ஒன்றில், ஆபரேஷனுக்குப் பின் இந்தச் சொட்டு விட்டவர்களில் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத்தான் கட்டி திரும்பியதாம், விடாதவர்களில் 36 பேருக்கு. அந்தக் கணக்குக்காகத்தான் பொறுத்தேன். மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி எரியும். இமைத் தோல் வெந்துபோகாமல் முதலில் வாசலின் தடவ வேண்டும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர முனையை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

சொட்டு மருந்தை ஃபிரிட்ஜில் மாங்காய் ஊறுகாய் பக்கத்தில் எல்லாரும் பார்க்கவே வைத்திருந்தேன். கிளினிக்கில் இலவசமாகத் தரும் எச்.ஐ.வி. மாத்திரை மட்டும் அரிசி டின்னுக்குள்.

விஷயம் பெரியம்மாவுக்கு மட்டும் தெரியும். தினம் ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். "சாப்பிட்டாச்சாம்மா?" சோற்றைக் கேட்பதாகத்தான் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.