கபடி அத்தியாயம்

"ஆகமாட்டாங்க சார். அது எனக்குத் தெரியாதா? படிக்கிற பிள்ளைக்காவது ஆகட்டுமேன்னுதான் எழுதினேன்."

போனில் டீச்சர் சொன்ன இந்தப் பதில், புத்தகம் அச்சாகிக் கடைக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. "ஒரு கபடி மேட்ச் ஜெயிச்சுட்டா கிளாஸே சிநேகமாயிடுமா டீச்சர்?" என்று நான் கேட்டதற்குத்தான் அப்படிச் சொன்னார்.

டீச்சர் எழுதியது 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கான நாவல். நான் அதன் எடிட்டர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பம். ஆறாம் வகுப்பில் சேரும் மகள். அவள் "அங்கிட்டு" என்றால் வகுப்பு சிரிக்கிறது. மதியம் சத்துணவு சாப்பிட்டதும் குழாயடிக்குப் போய்த் தட்டைக் கழுவுகிறாள். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவுகிறாள். மணியடிக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டுமே, மைதானத்தில் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்? கைப்பிரதியில் இந்தப் பக்கத்தைப் படித்தபோதே இதை எப்படியும் புத்தகமாகக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைசி அத்தியாயத்தில் அவள் கபடியில் ஜெயிக்கிறாள், பள்ளிக்கூடமே அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அதை எடுத்துவிடச் சொன்னேன். குழாயடியில் இன்னொரு பெண் வந்து "கொஞ்சம் தள்ளு, நானும் கழுவணும்" என்று சொல்வதோடு கதை நிற்கட்டும் என்றேன். "உங்க இஷ்டம் சார்" என்றார் டீச்சர். அது சம்மதமா, அலுப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த அத்தியாயம் போனதும் புத்தகம் 80 பக்கம், கச்சிதமாக 5 ஃபாரம் ஆனது (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம்). காகிதச் செலவுக்காக வெட்டியதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அது காரணமே இல்லை. தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிவதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கபடி வரும்? ஜெயித்துக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பிள்ளை நம்பிவிடக் கூடாது. இதில் எனக்கு இப்போதும் சந்தேகம் கிடையாது.

என் பேச்சுக்கு ஆதாரமாக டீச்சரிடம் 1944இல் வந்த ஓர் அமெரிக்க நாவலைச் சொன்னேன்: எலினார் எஸ்டெஸ் எழுதிய 'தி ஹண்ட்ரட் டிரஸ்ஸஸ்'. வாண்டா என்ற போலந்து வம்சாவளிச் சிறுமி தினமும் ஒரே வெளிறிய நீல கவுனில் வருகிறாள். வீட்டில் நூறு கவுன் இருக்கிறது என்கிறாள். வகுப்புப் பெண்கள் கேலி செய்கிறார்கள். அவள் வரைந்த நூறு கவுன் படங்கள் வகுப்பறைச் சுவரை நிறைக்கும்போது குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. நேரில் மன்னிப்புக் கேட்க வழியில்லை. எல்லாம் சரியாகாமலே ஒரு கதை நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் கதை வாண்டாவின் பக்கம் நின்று சொல்லப்பட்டதில்லை. கேலியைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்ற மேடியின் மனசிலிருந்து சொல்லப்பட்டது. சரியாகாத முடிவு மேடிக்குத் தேவை, அது அவளை உறுத்த வேண்டும். வாண்டாவாக நிற்கும் பிள்ளைக்கு அது எதற்கு? அவளுக்குத்தான் ஒவ்வொரு நாளும் சரியாகாமலே முடிகிறதே. இது போனை வைத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. தட்டைக் கழுவிக்கொண்டு நின்றது யார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. டீச்சர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கபடி அத்தியாயத்தை அப்படியே சேர்த்திருக்கலாமா என்றால், மாட்டேன். அது நல்ல எழுத்தாக வரவில்லை. நல்ல எழுத்தா என்பதும் அந்தப் பிள்ளைக்கு வேண்டுமா என்பதும் வேறு வேறு கேள்விகள். சம்பளம் வாங்குவது முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாம் பதிப்புப் பேச்சு வந்தபோது, வேண்டுமானால் அந்த அத்தியாயத்தைத் திருத்திச் சேர்க்கலாமா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"வேண்டாம் சார். அப்புறம் என்னாச்சுன்னு பிள்ளைங்க கேக்குறாங்க. என் கிளாஸ்ல நானே வாயால சொல்லிடறேன்."

கேட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் புத்தகம் அவருடைய வகுப்போடு நின்றுவிடுவதில்லை. மற்ற ஊர்களில் அதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு மிச்சத்தைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இரண்டாம் பதிப்பை இன்னும் அச்சுக்கு அனுப்பவில்லை.