பதினோரு காதுகள்

எங்கள் ஹாலில் இப்போது நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கின்றன. இரண்டு என் தம்பி கொண்டுவந்து இறக்கியவை, இரண்டு வீட்டு மாப்பிள்ளை, அதாவது என் நாத்தனாரின் கணவர் கொண்டுவந்து இறக்கியவை. இருவருமே தங்களுக்குப் பெரியதாக வேறு வாங்கிக்கொண்டார்கள். பழையதைத் தள்ளிவிட இடம் தேடியபோது எங்கள் ஹால் கண்ணில் பட்டிருக்கிறது. “கேட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்” என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த விசேஷத்தில் யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

இத்தனையும் என் பேரைச் சொல்லித்தான் ஆரம்பித்தது. வேலை முடிந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஒரு நல்ல ஜோடி வேண்டும் என்று நான் இவரிடம் கேட்டது உண்மை. நான் என்ன பாட்டுக் கேட்பேன் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

முதல் அமர்வில் தம்பியின் ஜோடிக்கு அமோக வெற்றி. ஆம்ப்ளிஃபயரில் ஏ என்றால் மாப்பிள்ளையின் ஜோடி, பி என்றால் தம்பியின் ஜோடி. பொத்தானை ஏ-யிலிருந்து பி-க்கு மாற்றியதுமே இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஆகா, உயிரோட்டம்!” என்றார். உயிரோட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் தம்பியுடையது 88 டெசிபல், மாப்பிள்ளையுடையது 84. சத்தக் குமிழைத் தொடாமல் மாற்றினால் சத்தம் 4 டெசிபல் எகிறும். அதே 4 டெசிபலை மாப்பிள்ளையின் பெட்டியில் எட்ட வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் இரண்டரை மடங்கு மின்திறன் தர வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினால் மனிதக் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தரம் என்று சொல்லும். தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அன்று ரிமோட்டை யார் கையிலும் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? தம்பியுடையது காதைக் குடைகிறது என்றார். உச்ச ஒலியைத் தரும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் டிஷ்யூ காகிதம் ஒட்டினால் கேட்கும்படி இருக்கும் என்று சிரிக்காமல் சொன்னார். தம்பி சிலிர்த்துக்கொண்டான். 1978-ல் யமஹா வீட்டு உபயோகத்துக்கென்று வெளியிட்ட என்.எஸ்-10 ஸ்பீக்கர் வீடுகளில் எடுபடாமல் போனதையும், அதையே ஒலிப்பதிவுக் கூடங்கள் சுவீகரித்துக்கொண்டதையும், அங்கே பெரிய பெரிய பொறியாளர்களே அதன் ட்வீட்டருக்கு முன்னால் டிஷ்யூ தொங்கவிட்டு வேலை பார்த்ததையும் ஒரு பிரசங்கமாகவே செய்தான். ஆகவே டிஷ்யூ கேட்கிற ஸ்பீக்கர் மட்டமான ஸ்பீக்கர் அல்ல என்பது அவன் வாதம். மாப்பிள்ளை அமைதியாக, “அப்படியானால் ஒட்டிவிடலாமா?” என்று கேட்டார்.

அத்தையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பெண்ணைக் கட்டியவர், இன்னொரு பக்கம் மருமகளின் உடன்பிறப்பு. நாலு பேர் நடுவே எதைச் சொன்னாலும் வம்பு. “எதற்கு ஒன்றை ஒதுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து பாடட்டுமே” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய் ஏ, பி இரண்டையும் அழுத்திவிட்டார். சமாதானத் திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். ஆனால் ஸ்பீக்கரின் மின்தடையை ஓமில் சொல்வார்கள், அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபயருக்குப் பாரம் கூடும். 8 ஓமும் 8 ஓமும் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். அப்படிச் சேர்ப்பதானால் ஒவ்வொரு ஜோடியும் 16 ஓமாவது இருக்க வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயரின் முதுகில் அச்சிட்டிருக்கிறது. முதுகை யார் பார்க்கிறார்கள்? அரைமணி நேரம் கொதித்துவிட்டு அது ‘டக்’ என்று தானாக அணைந்துகொண்டது. “பார்த்தீர்களா, உங்கள் சண்டையில் அதற்கே அலுத்துவிட்டது” என்றார் அத்தை.

மாப்பிள்ளையின் ஜோடிக்கு வேறு ஒரு வியாதி. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ் (அடிமட்ட ஒலி), நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் கேட்டுப் பெற முடியும் என்பது பௌதிகத்தின் கறார். இதை வடிவமைத்தவர் சத்தத்தை விட்டுக்கொடுத்து பேஸை எடுத்துக்கொண்டிருக்கிறார். முதுகில் ஒரு வட்டத் துளை, அதன் வழியாகவும் பேஸ் வெளியேறும். அந்தத் துளையை இவர் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டார். எங்கள் ஹாலோ சுவருக்குச் சுவர் 3.4 மீட்டர். அந்த நீளத்துக்கு 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி இரண்டு சுவர்களுக்கும் இடையே மாட்டிக்கொண்டு ஊதிப் பெருக்கும். பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் ஷோகேஸ் கண்ணாடி ‘ர்ர்ர்’ என்று நடுங்கும். உள்ளே இருக்கும் இவருடைய பள்ளிக்காலக் கோப்பை மெல்ல நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். ஓட்டப் பந்தயத்தில் வாங்கியது, அந்தப் பழக்கம் அதற்கு இன்னும் போகவில்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால் நடுக்கம் நின்றுவிட்டது. பேஸ் அளவோடு வருகிறது, குரல் தெளிந்திருக்கிறது. இவர், ஸ்பீக்கர் கம்பி பழகிவிட்டது என்றார். மாப்பிள்ளை தொலைபேசியில், நல்ல ஸ்பீக்கர் என்றால் நாலு நாள் பாடித்தான் கனியும் என்றார். நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு துளைகளிலும் மாமாவின் கிழிந்த பனியன் சுருட்டி அடைக்கப்பட்டிருந்தது. கரப்பான் பூச்சி உள்ளே போய்க் குடித்தனம் நடத்தக் கூடாதாம், அத்தையின் ஏற்பாடு. சில ஸ்பீக்கர்களோடு இதற்கென்றே நுரைப்பஞ்சு அடைப்பான் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று சொன்னேன். “பனியன் நன்றாகத் துவைத்ததுதான்” என்று பதில் வந்தது.

இவர்களை நம்பினால் ஆகாது என்று சோதனையை நானே கையில் எடுத்தேன். 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள், கேட்பவர்களுக்கு ஸ்பீக்கரைக் காட்டியும் மறைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். காட்டினால் ஒரு மதிப்பெண், மறைத்தால் வேறு மதிப்பெண். அளவும் பெயரும் விலையும் காதுக்குள் புகுந்து வேலை செய்கின்றன என்று தெரிந்தது. பெயரும் விலையுமே இந்தப் பாடு படுத்தினால் சம்பந்தி உறவு என்ன பாடு படுத்தும்! மெல்லிய ஜன்னல் திரையைக் குறுக்கே கட்டினேன். போர்வை கட்டலாம் என்றார் இவர். போர்வை முதலில் தின்பது உச்ச ஒலியைத்தான். இரைச்சல் ஒலியை ஓடவிட்டு, கைபேசியில் அளந்து, இரண்டு ஜோடியின் சத்தத்தையும் சமமாக்கினேன். தம்பி முகம் அப்போதே சுருங்கிவிட்டது.

ஆறு பேர், பதினோரு காதுகள். மாமாவுக்கு ஒன்றுதான். இவரிடம் பொத்தானை மாற்றாமலே மாற்றியது போல் பாவனை செய்து அதே ஜோடியை மறுபடி போட்டேன். “இதுதான் விரிவாக இருக்கிறது” என்றார். மாப்பிள்ளை தம்பியுடையதையும் தம்பி மாப்பிள்ளையுடையதையும் புகழ்ந்தார்கள். திரையை விலக்கியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்து, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

கடைசியில் மாமாதான். ஒற்றைக் காதானாலும் இரண்டு பெட்டியின் ஒலியும் அதில் வந்து சேரத்தான் செய்யும், எது எந்தப் பக்கம் என்பதுதான் புலப்படாது. அதனால் மேடை தெரிகிறது, வலப்பக்கம் கிட்டார் நிற்கிறது என்றெல்லாம் அவர் அளக்கவில்லை. ஸ்டீரியோவில் மயங்கித் தப்பவிடுகிற குறைகள் ஒற்றை ஸ்பீக்கரில் இன்னும் தெளிவாக அகப்படும் என்று டூலும் எழுதியிருக்கிறார். மாமா பாட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செய்தி வாசிப்பைப் போடச் சொன்னார். நல்ல காதைத் திருப்பி, கண்ணை மூடி, இரண்டையும் கேட்டார். “அதில் இந்த ஆளுக்கு மூக்கடைப்பு. இதில் மனிதனாகப் பேசுகிறான்” என்று முடித்துவிட்டார். மனிதக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்கிறோம், அதில் ஒரு ஸ்பீக்கர் ஏமாற்றுவது கடினம். தேர்வானது பனியன் ஜோடி. துளையில் துணி அடைத்தது விதிமீறல் என்று தம்பி இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான், அவனுடைய பெட்டிகளை எடுத்துப்போகவும் இல்லை.

மாமா தேர்ந்தெடுத்தது மாமாவுக்கே ஆகிவிட்டது. காலையில் செய்தி, மதியம் மறுபடி செய்தி, மாலையில் அதே செய்தியைப் பற்றி நான்கு பேர் கத்துவது. வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்கிறதாம், டெலிவிஷனை விட்டு நகர மாட்டேன் என்கிறார். நான் சமையலறையில் கைபேசியை ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்திவைத்துப் பாட்டுக் கேட்கிறேன். நேற்று மாப்பிள்ளையிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பேஸுக்கென்றே தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபர் கொண்டுவருகிறாராம். அதற்கு எத்தனை துளை என்று அத்தை இப்போதே கேட்டு வைத்துக்கொண்டார்.