புளியரை எஸ் வளைவில் நியூட்டன்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: செங்கோட்டை பக்கம், கேரளா போகும் ரோட்டில் உள்ள புளியரை எஸ் வளைவில் பஸ் இடது பக்கம் திரும்பும்போது நம்மை வலது பக்கம் தள்ளுவது யார்? "மையவிலக்கு விசை சார்" என்று ஒரே குரலில் வரும். ரோட்டில் நின்று பார்க்கிறவருக்கு அப்படி ஒரு விசையே கிடையாது. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் திரும்பிவிடுகிறது. ஜன்னல் கம்பியோ பக்கத்து சீட்காரர் தோளோதான் நம்மை உள்பக்கம் தள்ளுகிறது. பஸ்ஸைத் திருப்புவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வு. (பஸ்ஸுக்குள் உட்கார்ந்தே கணக்குப் போடுவது வேறு பாடம், இப்போது வேண்டாம்.)

எண் போட்டுக் காட்டினால்தான் நம்புகிறார்கள். 50 கிலோ ஆள், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் அவரை வளைவோடு திருப்ப 62.5 நியூட்டன் விசை போதும். 36 கி.மீ. என்றால் 250 நியூட்டன், கிட்டத்தட்ட 25 கிலோ அரிசி மூட்டையின் எடை. வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. மழையில் உராய்வு குறையும். தேவை மட்டும் குறையாது. கேரளா லோடு லாரிகள் அங்கே ஊர்ந்து போவது சும்மா இல்லை.

அப்புறம் ரயில். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டுவார்கள். "பின் இன்ஜின் வேகமாகத் தள்ளினால் முன் இன்ஜின் என்ன சார் ஆகும்?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. சேர்த்துப் பூட்டிய வண்டி, வேகம் ஒன்றுதான். பின்னால் தள்ளல் கூடக் கூட, பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளில் இழுப்பு குறையும். வண்டியில் ஓர் இடத்துக்குப் பின்னே உள்ள கொக்கிகளில் இழுப்பு போய் நெருக்கல் வரும்.