தைமஸை எடுக்கலாமா என்று கேட்டபோது

தசைகள் சீக்கிரம் தளர்ந்துபோகும் என் நோய்க்கு மயஸ்தீனியா கிரேவிஸ் என்று பெயர் தெரிந்த நாளைவிட, "தைமஸை எடுத்துவிடலாம்" என்று டாக்டர் சொன்ன நாள்தான் என்னை அதிகம் கலங்க வைத்தது. மாத்திரை என்றால் நிறுத்தலாம், மாற்றலாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. பினாங்கில் இதே நோயோடு இருக்கும் ஒன்றிரண்டு பேர் இப்போது என்னிடம் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. காலையில் குரல் நன்றாகவே இருக்கும். இரண்டு, மூன்று பாடவேளை பேசி முடித்தால் மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடும். மதியத்தில் இடது கண் இமை இறங்கும். சாயங்காலம் கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கையைத் தூக்கினால் தோள் கேட்காது. படுத்து எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் வெகுநாள் களைப்பு என்றே நினைத்தோம். கண்ணாடியைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் அரசாங்க கிளினிக்கில் ஓர் இளம் டாக்டர் கூரையைப் பார்த்தபடியே இருக்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, இமை தானாக மூடத் தொடங்கியது. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அங்கே செய்த முதல் சோதனை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மிஸி (நர்ஸ்) ஒரு ரப்பர் கையுறைக்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். அதை என் இடது இமைமேல் இரண்டு நிமிடம் வைத்திருந்தார். எடுத்ததும் டாக்டர் கைக்கண்ணாடியை நீட்டினார். இமை மேலே ஏறியிருந்தது! குளிரில் நரம்புக்கும் தசைக்கும் நடுவே செய்தி நன்றாகப் போகிறது, வெயிலில் மோசமாகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனால் மற்றவர்களைவிட எனக்கு மட்டும் கால் சீக்கிரம் துவண்டதன் காரணம் அன்றுதான் புரிந்தது. அப்புறம் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள். நான் தமிழில் எண்ண, தமிழ் தெரியாத அந்தச் சீன டாக்டர் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார். இருபதைத் தாண்டவில்லை. நல்ல உடம்புக்காரர் ஐம்பது வரை போவாராம். இமை இறங்குவதைவிட அந்த எண்தான் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. மூச்சுத் தசை தளர்ந்தால் ஆபத்து.

நரம்பைத் தூண்டிப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான ஆன்ட்டிபாடி இருக்கிறது என்று முடிவு வந்தது. உடம்பு முழுவதும் தாக்கும் வகை மயஸ்தீனியாவில் 100 பேரில் ஏறக்குறைய 85 பேருக்கு இது இருக்கும். நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தையே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாக்குகிறது. மெஸ்டினான் மாத்திரை கொடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் குரல் தெளிந்தது. சில மணி நேரத்தில் திரும்ப மங்கியது. வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றை முறுக்கும், இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

இந்தத் தவறான தாக்குதல் தைமஸில்தான் ஆரம்பிக்கிறது என்று கருதுவதால், அதையும் பார்த்தார்கள். நெஞ்சு சிடி ஸ்கேன் எடுத்தபோது தைமஸ் பெரிதாக இருந்தது, கட்டி இல்லை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மயஸ்தீனியா உள்ளவர்களில் 100க்கு 10 முதல் 15 பேருக்குத் தைமஸில் கட்டி இருக்கும். அவர்களுக்கு அறுவையை எப்படியும் செய்தாக வேண்டும். என் போன்றவர்களுக்குத்தான் இது யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

வீட்டில் சொன்னதும் அம்மா, "கடவுள் வச்சத எதுக்குடி எடுக்கணும்? சும்மாவா வச்சிருப்பாரு?" என்றார். தம்பி, "டாக்டரு சொன்னா கேட்டுக்கம்மா" என்று அடக்கப் பார்த்தான். எனக்கு அம்மா கேட்டது நியாயமாகவே பட்டது. 1950களில் டாக்டர்களிடம் அதைக் கேட்டிருந்தால், "அதற்கு வேலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். தைமஸ் சிறுவயதில் பெரிதாக இருக்கும், வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். வளர்ந்த எலிகளிலிருந்து எடுத்துப் பார்த்தும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஜாக் மில்லர். 1931இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்து, ஷாங்காயில் வளர்ந்து, போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வந்த குடும்பம். லண்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது இவர் கையிலெடுத்தது தைமஸ் என்ன செய்கிறது என்ற கேள்வி அல்ல, எலிகளுக்கு வைரஸால் வரும் இரத்தப் புற்றுநோய். அந்த வைரஸைப் பிறந்த குட்டிக்குக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதனால் தைமஸையும் பிறந்த உடனே எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படி எடுத்த குட்டிகள் பால்குடி மறந்த கொஞ்ச நாளில் மெலிந்து, தொற்று வந்து செத்துப்போயின. வைரஸ் கொடுக்காத குட்டிகளுக்கும் அதே கதி. லிம்போசைட் என்கிற வெள்ளையணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. வேறு வகை எலியின் தோலை ஒட்டினால், உதறித் தள்ளாமல் அந்தத் தோலில் முடிகூட வளர்ந்தது. 1961இல் லான்செட் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்.

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரே தைமஸில் இருக்கும் லிம்போசைட்டுகளைப் பரிணாமத்தில் நேர்ந்த தற்செயல் என்கிற மாதிரி எழுதினார். குட்டிகள் கூண்டின் அழுக்கால் செத்திருக்கலாம் என்றும் சந்தேகப்பட்டார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தும் மில்லர் சோதித்தார். குட்டிகள் நன்றாக இருந்தன, ஆனால் எதிர்ப்புச் சக்தி மட்டும் குறைவாகவே இருந்தது. பிறகு மெல்பர்னில் கிரஹாம் மிட்செலோடு சேர்ந்து, தைமஸிலிருந்து வரும் டி செல்லும் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் பி செல்லும் தனித்தனி, ஆன்ட்டிபாடி உண்டாக இரண்டும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்று காட்டினார். 2019இல் மேக்ஸ் கூப்பரோடு, மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

என் முடிவுக்கு உதவியது மில்லரின் இன்னொரு சோதனை. வளர்ந்த எலிகளில் சிலவற்றுக்குத் தைமஸை எடுத்துவிட்டு, கதிர்வீச்சால் எல்லா எலிகளின் எதிர்ப்பு அணுக்களையும் அழித்தார். தைமஸ் இருந்த எலிகள் தேறின, இல்லாதவை தேறத் திணறின. பெரியவர்களுக்குத் தைமஸ் தேவையே இல்லை என்பதும் சரியில்லை, எடுத்த உடனே உயிர் போய்விடும் என்பதும் சரியில்லை. ஏற்கெனவே வேலை பழகிய டி செல்கள் உடம்பில் பல ஆண்டுகள் இருக்கின்றன. புதிதாக நிறையத் தேவைப்படும்போதுதான் தைமஸின் குறை தெரிகிறது.

தைமஸுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பள்ளிக்கூடம் என்றுதான் எல்லோரும் விளக்குவார்கள். ஆசிரியையான எனக்கு அது ஒட்டவில்லை. மஜ்ஜையிலிருந்து வரும் இளம் அணுக்களில் 100க்கு 95க்கு மேல் உள்ளேயே சாகின்றன. எந்தப் பள்ளியும் அப்படி நடத்தாது. வெளிப்புறப் பகுதியில், நம் உடம்பின் அடையாளங்களைப் பார்க்கத் தெரியாத அணுக்கள் கழிகின்றன. உட்புறப் பகுதியில், நம் உடம்பையே கடுமையாகப் பிடித்துக்கொள்பவை கழிகின்றன. ஏர் என்கிற ஒரு மரபணு அங்குள்ள செல்களைக் கணையத்தில் மட்டும் கிடைக்க வேண்டிய இன்சுலினைக்கூடக் கொஞ்சம் தயாரிக்க வைக்கிறது. இன்சுலினைத் தாக்கக்கூடிய டி செல் அங்கேயே பிடிபட வேண்டும் என்பதற்காக! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. 2025இல் நோபல் பரிசு பெற்ற ஷிமோன் சகாகுச்சியின் வேலையும் இங்கிருந்துதான் கிளம்பியது. பிறந்து மூன்றாம் நாளில் தைமஸை எடுத்த எலிகளுக்கு, உடம்பு தன்னையே தாக்கும் நோய்கள் வந்தன. தாக்குபவற்றை அடக்கி வைக்கும் டி செல்களைத் தேட அது அவரைத் தூண்டியது.

இவ்வளவும் படித்துவிட்டு நரம்பு டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் தமிழர். 2023இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வைப் பற்றிக் கேட்டேன். தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் ஐந்தாண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 விழுக்காடு, அதே போன்ற நெஞ்சு அறுவை செய்தும் தைமஸ் எடுக்கப்படாதவர்களில் 2.8. புற்றுநோய் 7.4க்கு 3.7. இந்த எண்களைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

அவர் தட்டிக்கழிக்கவில்லை. "டீச்சர், நீங்க கேக்குறது சரிதான். வேற ஆபரேஷன் பண்றப்ப வழியில இருக்குதுன்னு தைமஸ எடுத்துப் போடுறத இனிமே யோசிச்சுத்தான் செய்யணும். ஆனா அது பழைய பதிவுகள வச்சு ஒப்பிட்ட ஆய்வு. உங்க நோய் உள்ளவங்களயே ரெண்டு பிரிவாப் பிரிச்சுப் பாத்த ஆய்வு வேற இருக்கு" என்றார். அது 2016இல் வெளியானது. கட்டி இல்லாத, என்னைப் போல் ஆன்ட்டிபாடி உள்ள 126 பேர். ஒரு பிரிவுக்கு அறுவையும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும்; மற்றதற்கு ஸ்டீராய்டு மட்டும். மூன்று ஆண்டுகளில் அறுவை செய்தவர்களுக்குத் தளர்ச்சி குறைவு, ஒன்றுவிட்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு சராசரி 60 மில்லிகிராமுக்குப் பதில் 44. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 37 விழுக்காட்டுக்குப் பதில் 9. நான் சம்மதித்தது இந்தக் கடைசி எண்ணுக்காகத்தான்.

அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "கடவுள் சும்மா வைக்கலம்மா. ஆனா எனக்கு அது இப்ப தப்பான வேலை பாக்குது." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எப்பப் போய்ச் சேரணும்?" என்றார்.

அரசாங்க ஊழியர் என்பதால் கட்டண உறுதிக் கடிதத்தைக் கணினியிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன், பணத்தில் தொல்லை இல்லை. அறுவைக்கு முன் நுரையீரல் ஊதிப் பார்த்தார்கள், தளர்ச்சியைக் குறைக்க இம்யூனோகுளோபுலின் (மற்றவர்கள் தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்ட்டிபாடி) ஏற்றினார்கள். மயக்க மருந்து டாக்டரைச் சந்திக்கும்போது அவசரப்படாதீர்கள். தசையைத் தளர்த்தும் மருந்து நம் நோயில் மற்றவர்களுக்குப் போல் வேலை செய்யாது. மெஸ்டினான் எத்தனை, எந்த நேரம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளைகள் போட்டு, கேமரா வைத்துத்தான் எடுத்தார்கள். தைமஸை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்து. அங்கேயும் தைமஸ் துணுக்குகள் ஒளிந்திருக்கும். கண் விழித்தபோது விலாப்பக்கம் ஒரு குழாய், கையில் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி. உறிஞ்சி இழுத்து மூன்று பந்தையும் மேலே ஏற்ற வேண்டும். முதலில் ஒன்றுதான் அசைந்தது. வலி மருந்து கேட்க வெட்கப்படக் கூடாது, வலித்தால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டோம். குழாயை எடுத்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சில வாரம் கழித்து வந்த திசு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன், நீங்களும் வாங்குங்கள். கட்டி இல்லை, பி செல்கள் கூடிப் பெருகும் முளை மையங்கள் நிறைய இருந்தன என்று எழுதியிருந்தது. இயல்பான தைமஸில் அவை அபூர்வம். தைமஸில் தசை போன்ற சில அணுக்கள் உண்டு, அவற்றிலும் அந்த ஏற்பி இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தவறான தாக்குதல் அங்கேயே ஆரம்பிக்கிறது என்று கருதுகிறார்கள்.

அறுவை முடிந்ததும் நோய் போய்விடும் என்று யாரும் எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே உருவான அணுக்கள் உடம்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பலன் தெரிய மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். எனக்குக் குரல் முதலில் தேறியது, இமை இன்னும் மாலையில் கொஞ்சம் இறங்குகிறது. நான் எடுக்கும் ஸ்டீராய்டு அளவு பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதையோபிரின் மாத்திரை தொடர்கிறது, அதனால் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை என்னால் போட்டுக்கொள்ள முடியாது. சளிக்காய்ச்சல் ஊசி ஆண்டுதோறும் போட்டுக்கொள்கிறேன். அடையாள அட்டையோடு ஒரு தாள் எப்போதும் இருக்கிறது: சிப்ரோஃப்ளாக்ஸசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம். இவை நம் நோயில் தளர்ச்சியைக் கூட்டக்கூடிய மருந்துகள். இவற்றைக் கொடுக்கும் முன் என் நரம்பு டாக்டரைக் கேட்க வேண்டும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் போய் நின்றால், பெயரைச் சொல்வதற்கு முன் அந்தத் தாளைத்தான் நீட்டுகிறேன்.