அளந்து காட்டச் சொல்லுங்கள்

மருந்துக் கடை மேசையின் உட்புறம் நின்று குழந்தைகளுக்கான மருந்துகளை எடுத்துக் கொடுப்பது என் தொழில். இதில் எனக்கு முற்றிலும் நம்பிக்கை போய்விட்ட கேள்வி ஒன்று உண்டென்றால், அது "புரிந்ததா?" என்பதுதான். காய்ச்சலில் அனலாய்க் கொதிக்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி, இரவெல்லாம் கண்மூடாமல் வந்து நிற்கும் தாயோ தந்தையோ அந்தக் கேள்விக்குத் தலையாட்டத்தான் செய்வார்கள். வீட்டுக்குப் போய் அவர்கள் எவ்வளவு மருந்தை அளக்கப்போகிறார்கள் என்பதைப் பற்றி அந்தத் தலையாட்டல் எதையும் சொல்வதில்லை. ஆகவே, "வீட்டில் எப்படிக் கொடுப்பீர்களோ, அப்படியே எனக்கு ஒருமுறை அளந்து காட்டுங்கள்" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இது பெற்றோரின் அறிவைச் சோதிக்கும் முயற்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2,000க்கும் மேற்பட்ட பெற்றோரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2016இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், ஒவ்வொருவரையும் ஒன்பது முறை திரவ மருந்தை அளக்கச் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் ஒருமுறையேனும், சொன்ன அளவிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினார்கள். ஐந்தில் ஒருவர் ஒருமுறையேனும் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஊற்றினார். இத்தனை பேர் தவறும்போது பெற்றோரைக் குறைசொல்லிப் பயனில்லை. நாம் சொல்லிக்கொடுக்கும் முறையிலும், கையில் கொடுத்தனுப்பும் கருவியிலும்தான் கோளாறு இருக்கிறது என்பது என் எண்ணம்.

சொல்லிக்கொடுப்பதில் முதலிடம் பெற வேண்டியது மில்லிகிராமுக்கும் மில்லிலிட்டருக்கும் உள்ள வேறுபாடு. மருந்தின் எடை மில்லிகிராமிலும், அது கரைந்திருக்கும் திரவத்தின் அளவு மில்லிலிட்டரிலும் குறிக்கப்படுகின்றன. குழந்தையின் உடலுக்குத் தேவைப்படுவது மில்லிகிராம். நம் கை அளப்பதோ மில்லிலிட்டர். இரண்டையும் இணைப்பது புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் செறிவு, அதாவது இத்தனை மில்லிலிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்ற குறிப்பு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருத்துவர் 180 மில்லிகிராம் எழுதுகிறார் என்றால், 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 7.5 மில்லிலிட்டர்; 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3.6 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் அடங்கிய சொட்டு மருந்தில் வெறும் 1.8 மில்லிலிட்டர்.

மூன்றும் ஒரே மருந்துதான். "போன தடவை ஏழரை கொடுத்தோம்" என்று மனத்தில் பதித்துக்கொண்ட ஒருவர், இந்த முறை கைக்குக் கிடைத்த சொட்டு மருந்தில் அதே ஏழரையை ஊற்றினால் 750 மில்லிகிராம் உள்ளே போய்விடும். ஒரு நாள் முழுவதற்கும் பலரும் மேல்வரம்பாக வைக்கும் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்ற அளவை அந்த ஒரே வேளை தாண்டிவிடுகிறது. சொட்டு மருந்து கைக்குழந்தைகளுக்கானது, ஆகையால் வீரியம் குறைந்தது என்று பலரும் நம்புவது இந்தத் தவறுக்குத் துணைபோகிறது. உண்மை இதற்கு நேர்மாறு. சிறு குழந்தை அதிகம் விழுங்காது என்பதால்தான் அதைக் கெட்டியாகத் தயாரிக்கிறார்கள். புட்டி மாறினால் கணக்கும் மாறும் என்பதைப் பெற்றோர் வாயாலேயே ஒருமுறை சொல்லவைத்துவிட்டால், மற்றவற்றைச் சொல்வது எளிது.

அடுத்தது கரண்டி. கிரேக்க நாட்டு வீடுகளிலிருந்த தேக்கரண்டிகளை அளந்து பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். மிகச் சிறியது 2.5 மில்லிலிட்டரும், மிகப் பெரியது 7.3 மில்லிலிட்டரும் கொண்டன. கரண்டியை மாற்றினாலே அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகலாம் என்றால், "ஒரு ஸ்பூன் கொடுங்கள்" என்று சொல்வதற்கு என்ன பொருள் இருக்கிறது? மருந்துச் சீட்டிலும் புட்டியிலும் மில்லிலிட்டரைத் தவிர வேறு அளவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் கூறியதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். புட்டியோடு வரும் மூடியளவும், அதாவது மருந்தை ஊற்றி அளக்கும் கோடிட்ட மூடியும், எனக்கு உவப்பானதன்று. நான் முன்னர் குறிப்பிட்ட அதே ஆய்வில், ஊசியில்லாத சிரிஞ்சைவிட மூடியளவில் பிழைக்கான வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலிருந்தது. அளக்க வேண்டிய அளவு சிறியதாக இருந்தபோது நிலைமை இன்னும் மோசம்.

எனவே சிரிஞ்சைக் கையில் கொடுத்து, மருந்துக்குப் பதில் தண்ணீரில் பழக்குகிறேன். முதலில் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். பல சிரப்புகளில் மருந்து அடியில் படிந்திருக்கும், குலுக்காமல் எடுத்தால் முதல் சில வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கெட்டியாகவும் போகும். சிரிஞ்சின் நுனியைத் திரவத்துக்குள் அமிழ்த்தி, உள்தண்டைத் தேவையான கோட்டுக்குச் சற்றுக் கூடுதலாக இழுத்து, நுனி மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் காற்றுக் குமிழி மேலே ஏறும். அதை வெளியே தள்ளிவிட்டுப் பிறகு கோட்டைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். உள்தண்டின் முனையிலுள்ள கறுப்பு ரப்பரில் இரண்டு வளையங்கள் தெரியும். நுனிக்கு அருகிலுள்ள வளையத்தின் விளிம்புதான் அளவைக் காட்டுவது. பின்பக்க வளையத்தைக் கோட்டில் வைத்தால் மருந்து குறைந்துபோகும். சிரிஞ்சைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். சிறிய சிரிஞ்சில் 0.5 என்ற கோட்டையும் 5 என்ற எண்ணையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். ஒரு புள்ளி பத்து மடங்கைத் தீர்மானிக்கிறது என்பதால், குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய அளவின் கோட்டின் மேல் அழியாத மையால் அடையாளமிட்டும் கொடுப்பதுண்டு.

கொடுக்கும்போது குழந்தை நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். மருந்தைக் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். சிரிஞ்சின் சிறு மூடியைக் கழற்றியதுமே குப்பையில் போட்டுவிடுவது நல்லது, அது குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய அளவில்தான் இருக்கிறது. புட்டிப் பாலில் கலந்து கொடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. குழந்தை பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கிட வழியே இல்லை.

அளவைவிட அதிகம் குழப்பம் தருவது நேரம்தான் என்று சில சமயம் தோன்றுகிறது. பாராசிட்டமாலுக்கு இரண்டு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது என்று நான் சொல்லியனுப்புகிறேன். ஆனால் தாய் கொடுத்ததைத் தந்தை அறியாமல் மறுபடி கொடுப்பதும், பாட்டி கொடுத்ததை இருவரும் அறியாதிருப்பதும் அன்றாடம் நடப்பவை. மருந்தின் பெயர், அளவு, நேரம், கொடுத்தவர் ஆகிய நான்கையும் எழுதும் ஒரு தாள் புட்டியோடு இருக்க வேண்டும். நினைவை நம்பக் கூடாது, அதிலும் நள்ளிரவு நினைவை. சளிக்கும் இருமலுக்கும் விற்கப்படும் கூட்டு மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதால், காய்ச்சல் மருந்தோடு அவற்றையும் கொடுத்தால் ஒரே மருந்து இரட்டிப்பாகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அத்தகைய கடைச் சளி மருந்துகளே வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் எச்சரித்தது. நானும் அவ்வாறே திருப்பியனுப்புகிறேன், சிலர் கோபித்துக்கொண்டாலும். ஆஸ்பிரின் எக்காரணத்தைக் கொண்டும் மருத்துவர் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கூட்டோடு அதற்குத் தொடர்பு உண்டு. மூன்று மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தப் புட்டியையும் திறக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தூளாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதியளவு விட்டுக் குலுக்கி, பிறகு புட்டியிலுள்ள கோடுவரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். கலக்கிய தேதியை மேலே எழுத வேண்டும். எத்தனை நாள் தாங்கும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும் என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்தவரை நானே கலக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

மருந்தை விழுங்கிய சிறிது நேரத்தில் குழந்தை வாந்தியெடுத்துவிட்டால், மீண்டும் முழு அளவைக் கொடுக்கலாமா என்பதைத் தாமாக முடிவு செய்யாமல் தொலைபேசியில் கேட்க வேண்டும். அளவு கூடிவிட்டது என்ற ஐயம் வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் மிகையாகப் போன குழந்தை முதல் நாள் முழுவதும் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கலாம். கல்லீரல் பாதிப்பு பின்னரே வெளிப்படும். அதற்கான முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்காமல், குழந்தையோடு அந்தப் புட்டியையும் எழுதிவைத்த தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கேட்கப்போவது குழந்தையின் எடை, மருந்தின் செறிவு, கொடுத்த அளவு, கொடுத்த நேரம் ஆகியவற்றைத்தான்.