இரணைதீவுப் பக்கம் போய் விழுந்த நண்டு வலைகள்

யாழ்ப்பாணம் குருநகர் நண்டு வலைக்காரரோடு ஆறு கிழமை போய், வலை போட்ட இடங்களில் எடுத்த ஜிபிஎஸ் புள்ளிகள். எக்செலில் தட்டி, சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். அத்தனை புள்ளியும் கடலுக்குள் விழுந்தன, ஒன்றுகூடத் தரையில் இல்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதுதான் நான் விட்ட பிழை.

நாலு நாள் அதை வைத்தே எங்கே வலை அதிகம் என்று வண்ணம் தீட்டி, அச்செடுத்துக் கரைக்குக் கொண்டுபோனேன். ஒரு பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது இரணைதீவுப் பக்கமெல்லோ? நாங்கள் ஏன் அங்கை போறம்?"

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தால் விஷயம் விளங்கியது. கருவி காட்டியது 9 பாகை 38.420 நிமிடம். நான் தட்டியது 9.3842. நிமிடத்தை 60ஆல் வகுத்திருந்தால் 9.6403 வந்திருக்கும். வித்தியாசம் தெற்கே ஏறக்குறைய 28 கிலோமீற்றர். வீதியிலோ வயலிலோ விழுந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். கடல் என்றபடியால் கண்ணுக்குச் சரியாகவே இருந்தது. இனிக் களத்துக்குப் போகும் யாரும் முதலில் இறங்குதுறையில் நின்று ஒரு புள்ளி எடுங்கள். அது வரைபடத்தில் இறங்குதுறையிலேயே விழுந்தால் மட்டும் மற்றதை ஏற்றுங்கள்.

கரையோர எல்லைக் கோப்பு ஒரு அலுவலகத்தில் கிடைத்தது. எந்தக் கிரிட், அதாவது இடத்தை எண்ணால் குறிக்கும் எந்த முறை, என்று கேட்டால், "எல்லாம் ஒன்றுதான்" என்றார் அங்கிருந்தவர். ஒன்றில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கு எண் (கிழக்குத் திசையில் மீற்றர் கணக்கு) 4 இலட்சத்துச் சொச்சம் என்றால் இலங்கையின் 1999 கிரிட், 1 இலட்சத்துச் சொச்சம் என்றால் பழைய கண்டவளை கிரிட். எண்ணைப் பார்த்தே நான் முடிவெடுத்தேன்.

அடுத்த அடி விழுந்தது சேமிப்பில். புரொஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். வேறு கணினியில் திறந்தால் லேயர்களை (படத்தின் தரவு அடுக்குகளை) காணவில்லை என்று பட்டியல் வந்து நிற்கிறது. புரொஜெக்டுக்குள் தரவு கிடையாது, தரவு இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருக்கும். ஒரு முழுப் பின்னேரம் போய்விட்டது.

சரி என்று தரவை ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகையாக எக்ஸ்போர்ட் செய்தேன். 'இறங்குதுறை' என்ற நிரலின் பெயர் 'இறங' என்று வெட்டுப்பட்டது! பெயருக்கு அதில் 10 பைட்தான் இடம், யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் தின்னும். ஜியோபேக்கேஜ் என்ற இன்னொரு கோப்பு வகைக்கு மாறினேன். பெயரும் முழுசாக இருந்தது, எல்லா லேயரும் ஒரே கோப்புக்குள் அடங்கின. புரொஜெக்டையும் அதே கோப்புறையில் வைத்து, வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அனுப்பினேன்.

திருத்திய படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். மண்டைதீவுப் பக்கம் ஒரு புள்ளியில் விரலை வைத்தார். "இப்ப சரி. ஆனா இது என்ரை வலை இல்லை, தம்பி."

கொப்பியைத் திரும்பவும் திறந்திருக்கிறேன்.