ஏழாம் தரத்தில் கேட்ட ‘கூ’

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்தே மழை. முதல் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிற உடுப்போடு அப்படியே வந்திருந்தார்.

“டீச்சர், திங்கக்கெழம வந்தா புள்ளைக்கு வயித்து வலி வந்துருது. டிஸ்பென்சரியில காட்டினேன், ஒன்னும் இல்லங்கிறாங்க. சனி, ஞாயிறுன்னா நல்லா ஓடி விளையாடுறான். ஸ்கூல மாத்துங்கன்னு அழுவுறான்.”

பேச நேரம் இல்லை, திரும்பிப் போக வேண்டும் என்றார். பிந்தியதால் இன்றைக்கு அரைப் பேர்தான் போடுவார்களாம். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து இதைச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றால், வீட்டில் எத்தனை நாள் யோசித்திருப்பார்!

பிறகு வரவு இடாப்பைப் புரட்டினேன். இந்தத் தவணையில் அநேகமாக எல்லாத் திங்களும் அவன் வரவில்லை. இடாப்பில் அடையாளம் போட்டதும் நான்தான். ஒரு தடவைகூட அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதமாட்டேன். வகுப்பில் அவனுக்கு வைத்திருக்கிற பெயர் ‘புகைவண்டி’. அவன் உள்ளே வந்தால் பின் வாங்கிலிருந்து யாராவது மெதுவாக “கூ...” என்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். இந்தப் பக்கம் மழைக்காலத்தில் உடுப்பு காயாது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் யூனிஃபோர்ம் காயப்போட வேண்டும். வெள்ளைச் சட்டையில் விறகுப் புகை ஏறிவிடும், எவ்வளவு துவைத்தாலும் போகாது. பெயர் வந்த கதை அதுதான்.

முதல் தவணையில் ஒருநாள், அவன் பிந்தி வந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் சிரித்தேன். கொஞ்சம்தான். ஆனால் பிள்ளைகள் முன்னால் சிரித்தேன். நானும் லயத்தில் பிறந்து அதே அடுப்புப் புகையில் உடுப்புக் காயவைத்தவள். இன்று அதை நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

ஜூன் 4, புதன்

நேரடியாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் பாடசாலையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, ஆளுக்கொரு தாளில் பார்த்து வரையச் சொன்னேன். “உங்களுக்குப் போகப் பயமாக இருக்கிற இடத்தில் பெருக்கல் அடையாளம் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம்.”

மலசலகூடத்தில்தான் குவியும் என்று நினைத்தேன். அங்கேயும் இருந்தது. ஆனால் கூடுதலாக இருந்த இடங்கள் இரண்டு. ஒன்று, ஒன்றரை மணிக்கு எடுக்கிற பஸ்ஸின் பின் படி. பாடசாலைக்கு வெளியே இருந்தாலும் பிள்ளைகள் அதைத் தாங்களாகவே படத்தில் சேர்த்து வரைந்திருந்தார்கள். மற்றது எங்கள் வகுப்பறைதான். ஒரு டீச்சர் போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கிற அந்தச் சில நிமிடங்கள்.

ஒரு தாளில் மட்டும் அடையாளம் என் மேசை மேல் இருந்தது. பென்சிலில், சின்னதாக.

கொப்பி திருத்துவதற்குப் பயந்த பிள்ளையாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தாளை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

ஆசிரியர் அறையில் பேச்சு எடுத்தேன். “நாங்க எல்லாம் பட்டப்பேரோடதானே வளர்ந்தோம்” என்றார் ஒருவர். இன்னொரு சேர், “கூப்பிடுங்க, ரெண்டு போட்டா சரியாகிடும்” என்றார். பிரம்பை எடுப்பது இலங்கைக் கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கைப்படி தடை என்பது அவருக்கும் தெரியும். அதை விடுவோம். பலம் உள்ளவன் இல்லாதவனை அடிக்கலாம் என்பதைத்தானே பிரம்பு காட்டிக் கொடுக்கிறது? அந்தப் பாடத்தை எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே நன்றாகப் படித்துவிட்டார்கள்.

இன்றுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. போன தவணையில் அந்தப் பிள்ளையையும் அவனைக் கேலி செய்கிற ஒருவனையும் கூப்பிட்டு, “சண்டை போடாதீங்க, கை குடுங்க” என்று கைகுலுக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்று பின்னேரம் பஸ்ஸில் அந்தப் பிள்ளையின் புத்தகப் பை வெளியே போயிருக்கிறது. கைகுலுக்க வைத்தவருக்கும் நல்ல மனம்தான். ஆனால் இது சண்டை இல்லையே. சண்டை என்றால் இரண்டு பக்கமும் கோபம் இருக்கும். இங்கே ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் ஒருவன். இரண்டையும் சமமாக வைத்துக் கைகுலுக்கச் சொன்னால், அவனும் ஏதோ தப்புச் செய்தான் என்றுதானே ஆகிறது?

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள், லீவு. பகல் முழுக்க வாசித்தேன்.

1982 கடைசியில் நோர்வேயில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று செய்தி வந்தது. அடுத்த வருடமே நாடு முழுக்கப் பாடசாலைகளில் இதற்கெதிரான வேலை தொடங்கியது. அதில் முன்னுக்கு நின்றவர் டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர். எது சாதாரணச் சேட்டை, எது கொடுமை என்று பிரிக்க அவர் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. எங்கள் ‘கூ’வில் மூன்றும் இருக்கிறது.

என்னை நிறுத்தி வைத்தது கனடாவில் செய்த ஓர் ஆய்வு. தொடக்கப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் விளையாடும்போது படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். 2001இல் வெளிவந்தது. இப்படியான சம்பவங்களில் 88 வீதத்தில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். யாராவது ஒரு பிள்ளை குறுக்கே வந்தது 19 வீதத்தில் மட்டும். ஆனால் அப்படி வந்த தடவைகளில் பாதிக்கு மேல், சில விநாடிகளிலேயே அது நின்றுவிட்டது.

நான் இவ்வளவு நாளும் சத்தம் போடுகிற ஐந்து பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் மிச்சப் பிள்ளைகள் முப்பது பேர் அளவில் இருக்கிறார்கள். அவர்கள் சிரிக்காவிட்டால் அந்த ஐந்து பேருக்கு இதில் என்ன கிடைக்கப்போகிறது? பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியும் கூட இருந்தவர்களும் உருவாக்கிய ‘கிவா’ என்ற திட்டமும் இந்த மிச்சப் பிள்ளைகளைப் பிடித்துத்தான் போகிறது.

ஜூன் 12, வியாழன்

ஐந்து பேரோடும் தனித்தனியாகப் பேசினேன். ஒருவன் போய் மற்றவனிடம் சொல்ல இடம் கொடுக்காமல், ஒரே பாட வேளையில், ஒருவன் பின் ஒருவனாக. சுவீடனைச் சேர்ந்த அனத்தோல் பிகாஸ் காட்டிய வழி இது. ‘நீ ஏன் செய்தாய்’ என்று தொடங்கக் கூடாது. ‘அவன் கஷ்டத்தில் இருக்கிறான், உனக்கு என்ன தெரியும்’ என்று தொடங்க வேண்டும். தண்டனைக்குத் தயாராகி வந்தவனுக்கு அது ஒரு மாதிரியாகிவிடுகிறது.

நான்கு பேர் சீக்கிரமே இறங்கி வந்தார்கள். முதலில் ‘கூ’ போட்டவன் மட்டும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சொன்னான்: “எங்க வீட்ல இப்ப கேஸ் அடுப்பு டீச்சர்.”

அவனும் லயத்துப் பிள்ளைதான். போன வருடம்தான் அவர்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தது. அதற்கு முன் அவன் சட்டையிலும் இதே புகைதான் இருந்திருக்கும். யாராவது அதைச் சொல்வதற்கு முன் அவன் முந்திக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

நான் படிக்கப் போன ஊரில், விடுதியில் என்னைத் ‘தோட்டக்காட்டான் வீட்டுப் பிள்ளை’ என்றார்கள். அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் தோட்டத்திலிருந்து வந்தவள்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். அவள் மேல் இருந்த கோபம் இன்றுதான் கொஞ்சம் கரைந்தது.

அவனிடம் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. “நாளைக்கு அவனுக்காக ஒரு சின்ன வேலை செய்யலாம் என்றால் என்ன செய்வாய்?” என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

ஜூன் 13, வெள்ளி

வயிற்று வலி வருகிற அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன், நூலகத்தில், தனியாக. அன்று நான் சிரித்தது தப்பு என்றேன். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கொப்பியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் கேட்டான்: “டீச்சர், பஸ்ல நான் முன்னால ஏறிக்கவா?”

கண்டக்டரிடம் போய்ப் பேசினேன். நல்ல மனிதர். “முன்னுக்கு நிக்கட்டும், நான் பாத்துக்கிறேன்” என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்பு முழுவதோடும் ஒரு பாட வேளை பேசினோம். அவன் பெயரோ அந்தச் சத்தமோ பேச்சில் வரவில்லை. “பார்த்துக்கொண்டு இருப்பவர் என்ன செய்யலாம்?” என்பதுதான் கேள்வி.

முதலில் எழுந்த பயம், டீச்சரிடம் சொன்னால் ‘கோள்மூட்டி’ என்று பெயர் வரும் என்பது. நியாயமான பயம். ஒருவரை மாட்டிவிடச் சொல்வது வேறு, ஒருவரை மீட்டுவிடச் சொல்வது வேறு என்றேன். புரிந்தது போலத்தான் இருந்தது. எதிர்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னேன். சிரிக்காமல் இருக்கலாம், பக்கத்தில் போய் உட்காரலாம், “வா, தண்ணி குடிக்கப் பீலிக்குப் போவோம்” என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

முன் வாங்கில் ஒரு சின்னப் பெண், வாயே திறக்காதவள், “பேச்சை மாத்தலாம் டீச்சர்” என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

இனி ஒரு பாடம் முடிந்தால் அடுத்த ஆசிரியர் வரும்வரை நான் வாசலிலேயே நிற்பதாக முடிவு செய்திருக்கிறேன். மற்ற இரண்டு டீச்சர்மாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஜூன் 23, திங்கள்

அவன் வந்தான். திங்கட்கிழமை!

ஆனால் பின்னேரம் ஒரு பிள்ளை போனைக் கொண்டுவந்து காட்டியது. வகுப்புப் படத்தில் அவன் முகத்தை வெட்டி, புகை போகிற இஞ்சின் மேல் ஒட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் பாடம் அனுப்பத் தொடங்கிய குழுக்களிலிருந்து பிள்ளைகள் தாங்களாகவே இன்னொரு குழு வைத்திருக்கிறார்கள். எல்லாம் அம்மா, அப்பாவின் போன்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் என்றால் வீட்டுக்குப் போனதும் முடியும். இது படுக்கை வரைக்கும் போகிறது. காட்டிய பிள்ளையிடம், “யாருக்கும் அனுப்பாதே, அழிக்கவும் வேண்டாம், எனக்கு மட்டும் காட்டு” என்றேன். அழித்துவிட்டால் நாளைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றாகிவிடும். அதிபரிடம் சொன்னேன், பெற்றோரைக் கூப்பிடச் சம்மதித்தார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பெரிதாக எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக எடுக்கலாம். பிள்ளைகளே எடுக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

ஜூன் 27, வெள்ளி

பெற்றோர் கூட்டம். வேலை முடிந்து வரட்டும் என்று பின்னேரம் வைத்தோம். யார் செய்தது என்று பெயர் சொல்லவில்லை. சொன்னால் அன்றிரவே அந்தப் பிள்ளைக்கு அடி விழும், திங்கட்கிழமை அந்த அடி இவன் மேல் இறங்கும். போனை இரவில் பெரியவர்கள் கையில் வைத்திருங்கள், பிள்ளை முகம் வாடினால் வயிற்றை மட்டும் பார்க்காமல் பாடசாலையைப் பற்றியும் கேளுங்கள் என்றோம்.

அவனுடைய அம்மா கடைசி வாங்கில் இருந்தார். பேசவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 2, புதன்

இரண்டு நாள் வெயில். சட்டைகள் கொடியில் காய்ந்து வந்திருக்கின்றன. கணித பாடத்துக்கு முன் பின் வாங்கில் ஒரு “கூ” தொடங்கியது. முன் வாங்குச் சின்னப் பெண் சத்தமாக, “நேத்து வீட்டுவேல எத்தன கணக்கு?” என்று கேட்டாள். இரண்டு பேர் பதில் சொன்னார்கள். சத்தம் அப்படியே நின்றுபோனது.

இடைவேளையில் அவன் மற்றப் பையன்களோடு பீலிக்குப் போனதைப் பார்த்தேன். கேஸ் அடுப்புப் பையன் இன்னும் அவனோடு பேசுவதில்லை. ஆனால் ஸ்டிக்கர் போன அந்தக் குழுவைக் கலைத்தது கேஸ் அடுப்புப் பையன்தானாம்.

படத்தை மறுபடியும் வரையச் சொன்னேன். வகுப்பறைக்குள் அடையாளங்கள் நன்றாகக் குறைந்திருக்கின்றன. பஸ் படியில் இன்னும் நிறைய இருக்கிறது, அதற்கு டிப்போவில் பேச வேண்டும். என் மேசை மேல் இருந்த பெருக்கல் அடையாளம் போகவில்லை. அதே பென்சில், அதே சின்ன அளவு. நாளை முதல் பாடம் எனக்குத்தான்.